அறிக்கையில் எழுதாத வரி

"அதை அப்படியே அறிக்கையில் எழுதித் தருவீர்களா?" என்று பெரியவர் கேட்டார். நான் எழுதவில்லை. அவர், ஆற்றில் கிடந்த பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்றை மீட்டவர்களில் ஒருவர். என்னிடம் கொடுத்த வேலை அந்த எஞ்சினின் பாய்லர் தகட்டின் தடிமனை அளப்பது. அவர் எழுதச் சொன்னது, நீராவி பிஸ்டனைத் தள்ளும் சிலிண்டரைப் பற்றி. கேட்ட வேலைக்கு வெளியே நிற்கும் கருத்தை, நம் கையெழுத்தோடு போகும் தாளில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சேர்ந்த உடனே சொல்லித்தரும் பாடம். அதன்படி நடந்தேன், நடந்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் பால் தொழிற்சாலையில் ஒரு பாய்லருக்கு முன்னால் நின்று எண்களைக் குறித்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்ட விதம் நினைவுக்கு வந்துவிடுகிறது. கோபமாகக் கேட்டிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். அவர் கேட்டது ஓர் உதவி கேட்பது போலத்தான்.

அவர் எழுதச் சொன்ன வாக்கியம் என்னுடையது. "ஆற்றிலேயே கிடந்திருந்தால் இந்த சிலிண்டர் இன்னும் பல காலம் இதே உருவத்தில் இருந்திருக்கும்" என்று அவரிடம் நான்தான் சொன்னேன்.

நியூசிலாந்தின் தென்கோடியில், சவுத்லாந்தில், ஆற்றுக்குள் ரயில் எஞ்சின் கிடப்பது அந்த ஊர்க்காரர்களுக்கு அதிசயம் அல்ல. 1920களில் ஓய்வு கொடுத்த எஞ்சின்களிலிருந்து மறுபடி பயன்படும் பாகங்களைக் கழற்றிக்கொண்டு, மிஞ்சிய கூட்டை ஆற்றங்கரையில் சாய்த்துவிட்டார்கள். குப்பை என்று மட்டும் கொட்டவில்லை. வெள்ளம் கரையை அரித்து ரயில் பாதையைக் கொண்டுபோய்விடக் கூடாதே என்று, பாறாங்கல்லுக்குப் பதிலாக இரும்பைப் போட்டார்கள். லம்ஸ்டன் அருகே ஓரேட்டி ஆற்றில் அப்படிப் போனதுதான் 'கே 88'. 'வாஷிங்டன்' என்பது அதன் பெயர். 1877இல் அமெரிக்காவின் பேட்டர்சன் நகரில் ரோஜர்ஸ் தொழிற்சாலை கட்டியது. 1878 செப்டம்பரில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டனீடினுக்குப் போன முதல் நேரடி ரயிலை இழுத்த எஞ்சின்களில் ஒன்று. 1974இல் அதை ஆற்றிலிருந்து எடுத்து, ஆஷ்பர்டனை ஒட்டிய டின்வால்டில் பல ஆண்டுகள் பாடுபட்டு, 1980களின் தொடக்கத்தில் மறுபடி நீராவியில் ஓட்டிக் காட்டினார்கள். 2020இல் அதே ஆற்றிலிருந்து, 1885இல் இங்கிலாந்தின் நாஸ்மித் வில்சன் நிறுவனம் கட்டிய 'வி' வகை எஞ்சின்கள் இரண்டு வெளியே வந்தன. வாஷிங்டன் ஓடியது என்ற ஒரு செய்தி போதும். அதற்குப் பிறகு ஆற்றிலிருந்து வரும் ஒவ்வொரு எஞ்சினையும் பார்த்து, இதுவும் ஓடுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

நான் அளந்த எஞ்சின் எது, மீட்டவர்கள் யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. சனி, ஞாயிறு விடுமுறையைக் கொடுத்து, சொந்தக் காசைப் போட்டு உழைக்கிறவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

எடுத்த நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பக்கத்து ஆறுகளில் டிடிமோ என்ற பாசி பரவியிருப்பதால் பொக்லைனை ஆற்றில் இறக்குவதற்கு முன்பே முழுக்கக் கழுவினார்கள். பாய்லருக்குள் சரளை அடைத்துக் கிடந்தது. ஈரச் சரளை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன் கனக்கும், அதனால் எஞ்சினின் பழைய எடையை நம்பி எந்தக் கணக்கும் போட முடியாது. பாய்லரில் வடம் கட்டக் கூடாது, அடிச்சட்டத்தில்தான் கட்ட வேண்டும் என்று பெரியவர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருகாலத்தில் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். அடியில் கிடந்த சரளையைப் புரட்டியதும் கறுப்புச் சேறும் அழுகிய முட்டை நாற்றமும் கிளம்பின. அந்த நாற்றத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஷெட்டுக்கு வந்த பிறகுதான் என் வேலை. துருவைத் தேய்த்து, நாணயம் அளவுக்கு இரும்பு பளிச்சிடும்படி இடம் செய்து, ஒலி கடக்க உதவும் கூழ் தடவி, ஒலியலைக் கருவியின் முனையை அழுத்தி வைப்பேன். அலை தகட்டின் மறுபக்கம் வரை போய்த் திரும்பும் நேரத்தைக் கருவி தடிமனாக மாற்றிக் காட்டும். இன்றைய எஃகில் இது சந்தேகமில்லாத வேலை. அந்தப் பாய்லரின் தகடோ தேனிரும்பு. தேனிரும்பை உருட்டித் தகடாக்கும்போது அதற்குள் சிக்கிய கசடு மெல்லிய அடுக்குகளாகப் படுத்துக்கொள்கிறது. ஒலியலை அந்த அடுக்கிலேயே மோதித் திரும்பிவிட்டால், 9 மி.மீ. தகட்டைக் கருவி 4 என்று காட்டும். எண் தெளிவாக இருக்கும், நிலையாக நிற்கும், ஆனால் அது தகட்டின் தடிமனாக இருக்காது. இதை அறிந்திருந்ததால், குறைந்த எண் வந்த இடங்களில் சிறு துளை போட்டு நேரடியாகவும் அளந்தேன். பாய்லர் உடலின் மேல்பாதி வியக்கும்படி நன்றாக இருந்தது. ரிவெட் தலைகளில் சுத்தியல் விழுந்த தழும்புகூடத் தெரிந்தது. கைக்குப் பழகிய பாங்கில் யாரோ அடித்திருக்கிறார்கள்; எல்லாத் தழும்பும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அடிப்பாதியும் நெருப்புப் பெட்டியின் ஓரமும் போய்விட்டன. இந்தப் பாய்லரில் இனி நீராவி ஏற்ற முடியாது. அதில் எனக்கு ஐயமே இல்லை.

சிலிண்டரை யாரும் என்னை அளக்கச் சொல்லவில்லை. அளந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். பார்வைக்கு எஞ்சினிலேயே மிக நல்ல நிலையில் இருந்த பாகம் அது. விளிம்புகள் கூர்மையாக, கடைசல் கோடுகள் அப்படியே. அதனால்தான் சந்தேகம் வந்தது. வார்ப்பிரும்பு நீண்ட காலம் நீரில் கிடந்தால் அதிலுள்ள இரும்பு மெல்ல மெல்லக் கரைந்துபோய், கிராஃபைட் என்ற கரியின் எலும்புக்கூடு மட்டும் பழைய உருவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மறைவான ஒரு விளிம்பில் பேனாக்கத்தியின் நுனியை வைத்தேன். சோப்புக் கட்டியில் இறங்குவதுபோல இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனியில் கறுப்பாகக் கிராஃபைட் பொடி.

பெரியவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஆழம்?" என்றார்.

"இந்த இடத்தில் ஒரு நகம் அளவு. மற்ற இடங்களில் தெரியாது."

"காய்ந்தால்?"

"சுருங்கும், வெடிக்கும், உதிரலாம். காற்றுப் படுவதே இதற்குக் கெடுதல்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இதை எடுத்தது சரிதானா?" என்று கேட்டார். அதற்குத்தான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். அறிக்கையில் எழுதித் தருவீர்களா என்று கேட்டார். "அது என் வேலைக்குள் வராது" என்றேன். "புரிகிறது" என்று சொல்லி, சிலிண்டர் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினார். நான் கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவர் ஏன் கேட்டார் என்பதற்கு நான் இரண்டு விடைகளை வைத்திருக்கிறேன். ஆற்றில் இன்னொரு எஞ்சின் கிடக்கிறது. தண்ணீர் இறங்கும்போது அதன் புகைப்பெட்டி விளிம்பு தெரியும். அதையும் அடுத்த கோடையிலேயே எடுத்துவிட வேண்டும் என்று அவர்களில் சிலர் துடிக்கிறார்கள். எடுத்ததைக் காப்பாற்ற வழி செய்யாமல் அடுத்ததைத் தொடாதீர்கள் என்று அவர் பல கூட்டங்களில் வாதாடியிருக்கலாம். அப்படியானால் கையெழுத்திட்ட ஒரு தாள் அவருக்குத் தேவைப்பட்டிருக்கும். இது முதல் விடை. எடுப்பதற்கு முதலில் குரல் கொடுத்தவரே அவர்தானோ என்பது இரண்டாவது. அப்போது அவர் கேட்டது வாதத்துக்கான தாள் அல்ல, தனக்கு எதிராகவே ஒரு சாட்சி. நேர்மையானவர்கள் சிலர் அப்படி இருப்பார்கள். முதல் விடை உண்மையென்றால் நான் ஒரு கருவியைக் கொடுக்க மறுத்தேன். இரண்டாவது உண்மையென்றால், அவரைக் காயப்படுத்தும் ஒரு தாள் என் கையிலிருந்து போகவில்லை. எது என்று அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப எழுதுவது என் தொழிலுக்கு இன்னும் பெரிய கேடு. யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று பார்க்காமல் அளந்ததை மட்டும் எழுதுகிறவன் என்பதால்தான் என் தாளுக்கு மதிப்பு.

சரி, அந்த வாக்கியமாவது உண்மையா? அதையும் பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஆக்சிஜன் எட்டாத சேற்றில் இரும்பு மெதுவாகத்தான் அரிக்கும் என்பது பாடப்புத்தகச் செய்தி. ஆனால் பொக்லைன் புரட்டியபோது வந்த முட்டை நாற்றம் வேறு கதை சொல்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்ந்து, சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேலை அது. அவை இருக்கும் இடத்தில் இரும்பு அரிப்பு நின்றுவிடுவதில்லை. அந்த சிலிண்டரின் இரும்பைக் கரைத்துக் கொண்டுபோனதும் ஆறுதானே, ஷெட்டுக் காற்று இல்லையே. நான் சொன்னது உருவத்தைப் பற்றி. பொருளைப் பற்றிச் சொல்லியிருந்தால் வேறு வாக்கியம் வந்திருக்கும்.

ஆறும் ஒரு பெட்டகம் அல்ல. சரளை ஆறுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 2020 பிப்ரவரி வெள்ளத்தில் சவுத்லாந்து முழுவதும் அவசர நிலை அறிவித்தார்கள், மட்டாவுரா ஆற்றங்கரை ஊர்களிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். அப்படி ஒரு வெள்ளம் வந்தால் இன்று சரளைக்குள் புதைந்திருப்பது நாளை வெயிலில் கிடக்கும், கல்லும் மரமும் அதன் மேல் மோதும். "ஆற்றிலேயே கிடந்திருந்தால்" என்று சொல்வது எளிது. எந்த ஆற்றில், எத்தனை ஆழத்தில், எந்த வெள்ளம் வரை?

இத்தனையும் யோசித்த பிறகு, எழுதாமல் விட்டது நல்லதாயிற்று என்று ஒருநாள் தோன்றும். மறுநாள், இவ்வளவு நிபந்தனைகளோடும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருக்கலாமே, அரைப் பக்கம்தானே என்று தோன்றும். தடிமன் எண்ணுக்குப் பக்கத்தில் "தேனிரும்பு என்பதால் துளையிட்டுச் சரிபார்த்தது" என்று குறிப்பு எழுதத் தெரிந்த எனக்கு, சிலிண்டருக்கு ஒரு குறிப்பு எழுத முடியாதா? முடியும். ஆனால் பாய்லரைப் பற்றி நான் எழுதியது அளவு. சிலிண்டரைப் பற்றிச் சொன்னது ஒரு கத்தி நுனியும் பழைய அனுபவமும் சேர்ந்த அபிப்பிராயம். இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் படிக்கிறவர் இரண்டையும் ஒரே எடையில்தான் எடுத்துக்கொள்வார்.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் பகுதி வேறு. அந்த எஞ்சின்களை ஆற்றில் போட்டது ரயில் பாதையைக் காப்பாற்ற. அந்தப் பாதையே இன்று இல்லை. லம்ஸ்டனுக்கு ரயில் வருவதில்லை. பழைய தடத்தில் சைக்கிள் ஓட்டிப் போகிறார்கள். காக்க வேண்டிய பாதை போன பிறகும் இரும்பு தன் இடத்தில் கிடந்திருக்கிறது. ஓடும் எஞ்சின் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குப் புதிய பாய்லர் கட்டலாம், புதிய சிலிண்டர் வார்க்கலாம். கையில் பணமும் பொறுமையும் இருந்தால் முடியாதது இல்லை. ஆனால் கத்தி இறங்கிய அந்த சிலிண்டரையும், ஒரே பக்கம் சாய்ந்த சுத்தியல் தழும்புகளையும் புதிதாகச் செய்ய முடியாது. ஓடுமா என்ற கேள்விக்கு முன்னால் இவை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகின்றன. பெரியவருக்குப் பட்டிருந்தது. ஈரச் சாக்கை அவர் போர்த்தியதை வைத்துச் சொல்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். ஆற்றில் கிடக்கும் அந்த எஞ்சினை எடுக்கலாமா என்று கேட்டார். நான் யோசிக்காமல் எடுங்கள் என்றேன். காரணம் கேட்டார். ஆறு நகர்கிறது, வெள்ளம் எடுப்பதைவிட நாம் எடுப்பது மேல் என்றேன். அது பாதிக் காரணம்தான்; எனக்கும் அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பார்க்காத ஒன்று ஆற்றோடு போய்விடுமே என்ற பதைப்பு என்னையும் பிடித்துக்கொண்டுவிட்டது. இந்த ஆசையை வைத்துக்கொண்டு அவருக்கு ஆலோசனை சொல்லத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

முதலில் தொட்டி கட்டுங்கள், சிலிண்டர் முழுவதும் மூழ்கும் அளவுக்கு. அரிப்பைத் தடுக்கும் காரக் கரைசலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பொக்லைனுக்கு அதன் பிறகு சொல்லி அனுப்புங்கள் என்றேன். தொட்டிக்குப் பணம் கேட்டால் கொடுக்கமாட்டார்கள், எஞ்சினைக் காட்டித்தான் பணம் கேட்க முடியும் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தொட்டியின் அளவுகளை மட்டும் கணக்குப் போட்டு அனுப்பிவைத்திருக்கிறேன்.