ஆடிக் கூழும் அத்தையின் குவளையும்

(அத்தையின் ஒப்புதலுடன் எழுதுகிறேன்.) தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் ஆடிக் கூழ் ஊற்றிய அன்று ஏறத்தாழ 200 பேருக்கு முகம் சுளிக்காமல் பரிமாறிய என் அத்தை, தமக்கென எடுத்துவைத்த குவளையைத் தொடவே இல்லை என்பதைப் பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தேன். விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுவதையும், நாள்தோறும் கேட்டுவந்த லோட்டஸ் எஃப்.எம். வானொலியைப் பல வாரங்களாகப் போடவே இல்லை என்பதையும் வற்புறுத்திக் கேட்ட பிறகே சொன்னார். நான் உட்பட எல்லாரும் அவரைத் தைரியசாலி என்றே புகழ்ந்துவந்தோம். அந்தப் பட்டமே அவர் வாயை அடைத்திருக்க வேண்டும். மனவாட்டமோ பிடித்தவற்றில் நாட்டமின்மையோ 2 வாரங்களுக்கு மேல் நீடித்து, உறக்கமும் பசியும் குலைந்தால், அன்றாட வேலைகள் தடையின்றி நடந்தாலும் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். அத்தை மாத்திரை தொடங்கி 6 நாள்களாகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், இரவுச் சாப்பாட்டை இப்போது அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன்.