முதலில் இறங்கிய எண்

விமானம் ஓடுபாதையில் நின்றபோது, கதிர்வீச்சை அளக்க நான் கையில் வைத்திருந்த கைகர் கருவி 0.12 காட்டியது. மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று கணக்கு; உடலில் படும் கதிர்வீச்சின் அலகு அது.

மேலே கிளம்பியதும் எண் ஏறும் என்று பார்த்தால், இறங்கியது. 0.07. அப்புறம் 0.05.

கொஞ்ச நேரம்தான். திரும்பி ஏறத் தொடங்கி, 36,000 அடியில் 1.4-ஐ ஒட்டி நின்றது. தரையில் இருந்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

இதே இறக்கத்தையும் ஏற்றத்தையும் 1912-லேயே ஒருவர் பார்த்துவிட்டார். ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ். ஆகஸ்ட் 7 அன்று ஹைட்ரஜன் பலூனின் திறந்த கூடையில், அளவுக் கருவிகளோடு 5,000 மீட்டருக்கு மேல் போனார். மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சு மேலே போகப் போகக் குறைய வேண்டும். முதலில் குறைந்து, பிறகு கூடியது! வானத்திலிருந்தும் வருகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. நோபல் பரிசு வர 1936 ஆனது. அந்தக் குளிரில் குனிந்து எண்களைக் குறித்த கைகளை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண் எட்டிப் பார்த்தார். சொன்னேன்.

"நாங்க தினமும் இதுக்குள்ளதானே சார் இருக்கோம்?"

ஆமாம். எனக்கு இரண்டரை மணி நேரம், அவருக்கு வருஷம் முழுக்க. இந்தச் சின்னக் கருவி நியூட்ரான்களைக் கணக்கில் எடுப்பதில்லை, உண்மையான அளவு இன்னும் கூடுதல். துருவங்களை ஒட்டிப் பறந்தால், இந்தக் கதிர்களைத் தடுக்கும் பூமியின் காந்தக் கவசமும் மெலிந்துவிடும். ஐரோப்பாவில் விமான ஊழியர்களுக்கு இதைக் கணக்கிட்டுப் பதிவு செய்கிறார்கள். எல்லா நாட்டிலும் செய்ய வேண்டும்.

டெல்லியில் இறங்கும்போது வாசலில் நின்ற அதே பணிப்பெண் கேட்டார்: "மொத்தம் எவ்வளவு சார்?"

திரையைக் காட்டினேன். ஏறக்குறைய 3 மைக்ரோசீவர்ட்.

தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.