நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை

பந்தலூர்ப் பக்கம் ஜூலை என்றால் மழையைத் தவிர வேறு பேச்சில்லை. அட்டைக்குப் பயந்து காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டு, யானை நிற்கிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் காது கொடுத்துக் கேட்டுத்தான் லயத்துக்கு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, இறங்குவேன். கடும் நோயில் கிடப்பவர்களின் வலியைத் தணிக்கிற பாலியேட்டிவ் கேர் நர்ஸ் நான். அப்படிச் சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. ‘சாகப்போறவங்கள பாக்க வர்ற சிஸ்டர்’ என்பார்கள். நானும் திருத்துவதில்லை.

அங்கே ஒரு அம்மாவுக்கு மார்பில் தொடங்கிய புற்று முதுகெலும்பு வரை போயிருந்தது. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் இந்தியாவுக்கு என்று 5,25,000 பேரை எழுதினார்களே, அந்தக் கணக்கில் வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது அவருக்குப் பாவாடை கட்டும் வயசு. பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்திருக்கிறார். படுக்கையில் விழுந்த பிறகு விரல்களில் தேயிலைக் கறை வெளுத்துவிட்டது, காய்ப்பு மட்டும் அப்படியே இருந்தது.

முதல் நாள் நான் செய்தது தப்பு. நானும் கிறிஸ்தவ விசுவாசி, அவரும் விசுவாசி என்ற உரிமையில், ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்ற வேதாகமத்தின் ரோமர் வசனத்தைச் சொல்லிவிட்டேன். அவர் மெதுவாகச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் சிநேகிதர்கள் இரவுபகல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் மேல் குற்றமில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நான் ஏழு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரை கையில் இருந்தது. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வாங்குவது கொஞ்சம் எளிதானது. ஆனால் அவர் தொடவே மாட்டேன் என்றார். வலிக்காக முறையாகக் கொடுத்தால் அடிமையாகிவிடும் பயம் வேண்டாம், மலச்சிக்கல்தான் தொல்லை, அதற்கும் மருந்து தருகிறேன் என்று வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன்.

“அதுக்கில்ல சிஸ்டரம்மா. சிலுவையில போடையில இயேசப்பாவுக்கு வெள்ளைப்போளம் கலந்து குடுத்தாங்க. வேணாம்னுட்டாரு. நான் மட்டும் குடிக்கலாமா?”

வலி தெரியாமலிருக்கக் கொடுப்பது என்று சொல்லப்படும், வெள்ளைப்போளம் என்ற பிசின் கலந்த திராட்சரசம் அது. மாற்கு 15-ல் அப்படித்தான் இருக்கிறது. எனக்குப் பதில் வரவில்லை. வலியைச் சகிப்பதே பக்தி என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்கள் மேல் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. போவேன், புண்ணுக்குக் கட்டு மாற்றுவேன், பேசாமல் உட்கார்ந்திருப்பேன். மருமகள் கட்டஞ்சாயா தருவாள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது யாரும் எதுவும் பேசவும் முடியாது. ஒரு சாயங்காலம் கண்ணாடி உடைந்துபோச்சு, நீங்கள் வாசியுங்கள் என்று வேதாகமத்தைத் தந்தார். யோவான் 19-ல் அடையாளத்துக்கு நூல் வைத்திருந்தது. மழைக்கு மேல் குரலை உயர்த்தி வாசித்துக்கொண்டே போனேன். ‘தாகமாயிருக்கிறேன்’ என்று சிலுவையில் இயேசு சொன்ன இடம், கடற்காளானைக் காடியிலே, அதாவது புளித்த திராட்சரசத்திலே, தோய்த்து வாயினிடத்தில் நீட்டுகிற இடம், அவர் அதை வாங்குகிற இடம்.

“நில்லுங்க,” என்றார். “கேட்டாரா?”

“கேட்டார்.”

“வாங்கிக்கிட்டாரா?”

“வாங்கிக்கிட்டார்மா.”

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். கொழுந்து கிள்ளுகிற மாதிரியே மாத்திரையை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். காடியும் மார்ஃபினும் ஒன்றா என்று இறையியல் படித்தவர்கள் கேட்கலாம். அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பத்து மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒருதரம். காலையில் ஆறு, பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு என்று மருமகளுக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தேன். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு மாத்திரையாகப் போட்டால், தூக்கத்தைக் கலைத்து நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டாம்.

அடுத்த வாரம் போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலி எப்படி என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

“கீழ் லயத்துல ஒரு ஆம்பள ராத்திரியெல்லாம் முனகுறாரு. எனக்கு வலி இருந்தவரைக்கும் அது காதுலயே விழல. அவுங்க வேற சாமி கும்புடுறவங்க. இருந்தாலும் அந்த மாத்திரை அவருக்கும் கிடைக்குமா சிஸ்டரம்மா?”

எந்த வீடு என்று கேட்டுக்கொண்டு குடையை எடுத்தேன்.