ஒற்றை ஒளித்துகளும் ஒரு திறவுகோலும்

ஆய்வு மாணவராக நான் ஏற்ற முதல் பெரிய பணி, ஒளியிழை வழியாகக் குவாண்டம் திறவுகோல் பகிர்வை நிகழ்த்துவதாகும். செய்தியைப் பூட்டும் ரகசிய பிட் வரிசையான திறவுகோலை, யாராவது ஒட்டுக்கேட்டால் அது பிழையாக வெளிப்படும்படி ஒற்றை ஒளித்துகள்களில் ஏற்றி அனுப்பும் முறை அது. பென்னட்டும் பிராசார்டும் 1984இல் முன்வைத்த பிபி84 நெறிமுறையை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். ஆய்வக மேசையில் அதை இயங்க வைக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

ஒளிமூலத்தை அமைப்பது கடினமாக இல்லை. ஒரு துடிப்பில் சராசரியாக ஓர் ஒளித்துகளுக்கும் குறைவாக இருக்கும்படி லேசரை மங்கச் செய்தோம். சில துடிப்புகளில் இரண்டு துகள்கள் அமைந்துவிட்டால் ஒட்டுக்கேட்பவர் ஒன்றைத் தமக்கென எடுத்துக்கொள்ள முடியும். அதைக் கண்டறியவே துடிப்புகளின் செறிவை அவ்வப்போது மாற்றி, போலித் துடிப்புகளையும் இடையிடையே கலந்து அனுப்புகிறோம்.

எங்கள் நேரத்தில் பெரும்பகுதியைத் தளவிளைவே, அதாவது ஒவ்வொரு பிட்டையும் சுமக்கும் ஒளி அதிர்வின் திசையே, எடுத்துக்கொண்டது. சுருளாகச் சுற்றிய இழையின் வெப்பநிலை சற்று மாறினாலும், யாராவது அதைத் தொட்டாலும், ஒளித்துகளின் தளவிளைவு திரும்பிவிடும். பெறும் முனையில் பிழை ஏறும். இந்தத் துறையின் மிகக் கடுமையான, எனக்கு மிகவும் பிடித்த விதி இங்கேதான் வருகிறது: பிழை இழையால் வந்ததா, கருவியால் வந்ததா என்று பார்க்காமல், அனைத்தையும் ஒட்டுக்கேட்பவர் கணக்கிலேயே எழுத வேண்டும். பிழை ஏறத்தாழ 11 விழுக்காட்டைத் தாண்டினால், வழக்கமான பிபி84 முறையில் திறவுகோலே கிடைக்காது. ஆகவே, வலுவான குறிப்புத் துடிப்புகளை இடையிடையே அனுப்பி, அவை எவ்வளவு திரும்பியுள்ளன என்பதை அளந்து, மின்விசையால் இயங்கும் தளவிளைவுக் கட்டுப்படுத்தியால் தொடர்ந்து திருத்தும் ஏற்பாட்டைச் செய்தோம். பிழைக்கோடு தாழ்ந்து நிலைபெற்ற பிறகே மற்ற வேலைகள் நகர்ந்தன.

அடுத்து நின்றது தொலைவு. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் நல்ல இழையிலும் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் இழப்பு உண்டு. 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒரு துகள் மிஞ்சும். 1000 கிலோமீட்டர் என்றால், நொடிக்கு 1000 கோடித் துகள்களை அனுப்பினாலும் ஒன்று வந்துசேர 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். குவாண்டம் நிலையை நகலெடுக்க இயலாது என்பதால் வழக்கமான பெருக்கிகளும் உதவமாட்டா. ஒளியே இல்லாதபோதும் உணர்கருவி எழுப்பும் பொய்க் குறிகைகள், வரும் துகள்கள் குறையக் குறைய மேலோங்கிவிடும். சில கெல்வின் வெப்பநிலையில் இயங்கும் மீக்கடத்தி நுண்கம்பி உணர்கருவிகள் இதைப் பெரிதும் தணித்தன.

இந்தக் கணக்கே என்னைச் செயற்கைக்கோள் பக்கம் திருப்பியது. வெற்றிடத்தில் கற்றை விரிவதால் வரும் இழப்பு, தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் கூடுகிறது. இழையிலோ அது அடுக்குக்குறி முறையில் ஏறுகிறது. 2016இல் ஏவப்பட்ட சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள், 1200 கிலோமீட்டர் தொலைவில் நொடிக்குச் சுமார் ஒரு கிலோபிட் என்ற அளவில் திறவுகோலைத் தந்தது. வளிமண்டலம் தளவிளைவை ஏறக்குறைய மாற்றுவதில்லை. எனினும் கோள் நகர நகர, கோளின் அச்சும் தரைநிலையத்தின் அச்சும் ஒன்றுக்கொன்று திரும்புவதால், அங்கும் இடைவிடாத திருத்தம் தேவைப்படுகிறது. மேகமற்ற இரவில், கோள் கடந்து செல்லும் சில நிமிடங்களே வேலைக்குக் கிடைக்கின்றன.

நகரங்களுக்குள் இழையும் கண்டங்களுக்கிடையே கோளும் என்பதே என் முடிவு. ஆயினும் இந்த முறையில் திறவுகோல் கோளுக்கும் தெரியும் என்பதால், கோளையே நம்ப வேண்டியுள்ளது. அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் இணைத்துகள்களை இரு தரைநிலையங்களுக்கும் ஒவ்வொன்றாக அனுப்பினால் அந்த நம்பிக்கை தேவையில்லை. 2020இல் 1120 கிலோமீட்டர் இடைவெளியில் அது நிகழ்த்திக் காட்டப்பட்டபோது கிடைத்தது நொடிக்கு 0.12 பிட் மட்டுமே. அந்த வேகத்தை உயர்த்தக்கூடிய, இன்னும் செறிவான இணைத்துகள் மூலத்தை உருவாக்குவதில்தான் இப்போது ஈடுபட்டிருக்கிறேன்.