பிக்கப் வேறு, டாப் ஸ்பீடு வேறு

நீடாமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். சூப்பர் கார்களைப் பற்றிப் படிப்பதில் தீராத ஆசை. மின்சார மோட்டார் வந்த பிறகு இந்தக் கார்களின் வேகம் கூடியதா என்று யாராவது கேட்டால், எந்த வேகம் என்றுதான் முதலில் கேட்பேன்.

பிக்கப் என்றால் சந்தேகமே இல்லை. குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் 5 எச்.பி. மோட்டாரைப் பாருங்கள். ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை அமுக்கியதும் ஒரு உதறு உதறும். போல்ட் லூசாக இருந்தால் ஆளோடு சேர்ந்து திரும்பிவிடும். நின்ற இடத்திலேயே அவ்வளவு முறுக்கு! டீசல் இன்ஜினோ ஹேண்டில் போட்டுச் சுற்றி, சுற்று ஏறின பிறகுதான் இழுக்கும். பெட்ரோல் கார் இந்த ஜாதிதான். ரிமாக் நெவேரா என்ற மின்சாரக் காரில் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு மோட்டார், மொத்தம் 1914 குதிரைத்திறன். இரண்டு விநாடிக்குள் 100 கி.மீ. வேகம்.

டாப் ஸ்பீடில் கதை மாறுகிறது. வேகம் இரட்டித்தால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். மோட்டாரும் சுற்று ஏற ஏற எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் கரண்ட்டைத் தடுக்கும். புகாட்டி சிரான் 2019ல் வெறும் பெட்ரோலில் 490 கி.மீ. தொட்டது, நெவேரா 2022ல் 412 தான். 2025 செப்டம்பரில் சீனக் கம்பெனி பி.ஒய்.டி.யின் மின்சாரக் கார் யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் ஜெர்மனியில் 496ஐத் தாண்டியது. அந்த எதிர் மின்னழுத்தத்தை மீறிக் கரண்ட்டை உள்ளே தள்ள அதில் 1200 வோல்ட். வோல்டேஜ் என்னவெல்லாம் செய்யும் என்று டெல்டா விவசாயிக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, எனக்குப் பிடித்தது எது? பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்தான். நெவேராவின் பேட்டரி 120 கிலோவாட் மணி. கார் இரண்டு டன்னுக்கு மேல். அந்தக் கனத்தை ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்து அடக்க வேண்டும். ஹைபிரிட்டான போர்ஷே 918 ஸ்பைடர் சின்ன பேட்டரியோடு 2013ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை 6 நிமிடம் 57 விநாடியில் சுற்றியது. பெரிய கம்பெனிகள் விற்கும் சாலைக் கார் எதுவும் அதுவரை அங்கே ஏழு நிமிடத்துக்குக் கீழே வந்ததில்லை. வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது, இன்ஜின் சுற்று ஏறும்வரை மோட்டார் தள்ளிக் கொடுக்கிறது.

மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஒன் இன்னும் ஒரு படி மேல். 1.6 லிட்டர் ஃபார்முலா 1 இன்ஜின். புகை அழுத்தம் வந்துதான் டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி, சுற்றவேண்டும் என்பதே அதில் கிடையாது. டர்போவின் தண்டிலேயே ஒரு மோட்டார் வைத்துச் சுற்றிவிடுகிறார்கள். 2024ல் அதே நூர்பர்க்ரிங்கில் 6 நிமிடம் 29 விநாடி.