பாதி அளவில் எடுத்த தாள்

கண்புரை அறுவைக்குத் தகுதிச் சான்று கேட்டு வந்த அந்த அம்மாவின் இ.சி.ஜி. தாளை மேசையில் வைத்துவிட்டு, டெக்னீஷியன் அண்ணன் உடனே போகாமல் நின்றார். “வி2-வில் எஸ் ரொம்ப ஆழமாக இருக்கிறது மேடம்” என்றார். வி1 முதல் வி6 வரை மார்பில் ஒட்டும் முனைகள்; எஸ் என்பது அலையின் கீழிறங்கும் பகுதி, ஆர் மேலெழும் பகுதி. அவை பெரிதாக இருந்தால் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறதோ என்று சந்தேகிப்போம். “லெஃப்ட் பண்டில் பிளாக்கில் உயரத்தை நம்பக் கூடாது அண்ணா” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டேன். “சரிங்க மேடம்” என்று போய்விட்டார்.

நான் சொன்னது தவறில்லை. இடது கீழறைக்கு மின்தூண்டலைக் கொண்டுசெல்லும் இடது கிளை (லெஃப்ட் பண்டில்) அடைபட்டால், அந்தத் தூண்டல் வலப்புறத்திலிருந்து தசை வழியாகவே மெல்ல இடது கீழறைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் அலை அகன்று, சுவர் தடிக்காமலேயே வி1 முதல் வி3 வரை எஸ் ஆழமாகிவிடும். தடிப்புக்கு அடையாளமாக அந்த அலைக்குப் பின்னால் நாம் தேடும் எஸ்டி கோட்டின் இறக்கமும் தலைகீழான டி அலையும் அடைப்பினாலேயே வந்துவிடும். எஸ்-ஐயும் ஆர்-ஐயும் கூட்டி 35 மி.மீ. வந்தால் தடிப்பு என்று மனப்பாடம் செய்த சொக்கோலோவ்-லயன் கணக்கு இங்கே எடுபடாது. மேலும், அந்த அம்மாவின் அடைப்பு பழையது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தை ஒலியலையால் படமெடுத்த எக்கோவில் சுவர் இயல்பு என்றே இருந்தது. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும் அறுவைக்கு அதற்குமேல் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அறுவையும் நல்லபடியாகவே முடிந்தது.

எட்டு மாதம் கழித்து மூச்சுத்திணறலோடு வந்தார். இரத்த அழுத்த மாத்திரையைத் தானாகவே நிறுத்தியிருந்தார். பெண்களுக்கு 9 மி.மீ. வரை இருக்க வேண்டிய, இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவர், எக்கோவில் 16 மி.மீ. இருந்தது. அவ்வளவும் எட்டு மாதத்தில் வளர்ந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். இ.சி.ஜி. தாள் மங்கிவிடும் என்பதால் நகல்தான் இருந்தது. அதன் அடியில் ‘5 மி.மீ./மி.வோ.’ என்று அச்சாகியிருந்தது. வழக்கமாக ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. இருக்கும். அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதிருக்க அண்ணன் பாதி அளவில் எடுத்திருக்கிறார். வி2-வின் எஸ் 17, வி6-இன் ஆர் 7. தாளில் 24 மி.மீ. என்றால் உண்மையில் 48. கிளை அடைப்பிலும் இந்தக் கூட்டுத்தொகை 45-ஐத் தாண்டினால் தடிப்பைச் சந்தேகிக்கலாம் என்று 1984-லேயே ஓர் ஆய்வு சொன்னது. கீழறைகளின் அலையான க்யூஆர்எஸ்-இன் அகலம் 155 மில்லிவினாடிக்கு மேல் இருப்பதும், இடது மேலறைக் கோளாறு தெரிவதும் துணைச் சான்றுகள் என்று 2009-இன் அமெரிக்க வழிகாட்டுதலும் சொல்கிறது. இவர் தாளில் அகலம் 164. வி1-இல், மேலறைகளைக் காட்டும் பி அலையின் பின்பாதி ஆழமாகக் கீழே இறங்கியிருக்கிறது. கிளை அடைப்பு பி அலையைத் தொடுவதில்லை.

விடை தெரிந்த பிறகு அளந்த அளவுகள் இவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இடது கிளை அடைப்புள்ள இதயங்களில் பெரும்பாலானவை தடித்தே இருக்கின்றன என்று பிரேதப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே தாளைப் பார்க்காமலே ‘தடிப்பு இருக்கும்’ என்று சொல்பவரும் பெரும்பாலும் சரியாகவே இருப்பார். அன்றே எக்கோ எடுத்திருந்தாலும் அவர் மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருப்பார் என்பதற்கு என்ன உறுதி?

ஆனால் என்னை உறுத்துவது வேறு. அண்ணனுக்குப் பதில் சொன்ன நேரத்தில், தாள் பாதி அளவில் எடுக்கப்பட்டது என்பதை நான் கவனித்திருந்தேனா? கவனித்திருந்தால் அந்தப் பதில் ஒரு மருத்துவரின் தீர்ப்பு, பிழையானாலும். கவனித்திருக்காவிட்டால், அளக்காமல் விட்டதற்குப் படித்த விதி ஒன்றைப் போர்வையாக்கிக்கொண்டேன் என்றாகிறது. எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பாதி அளவில் எடுத்தால் ஓரத்தில் பேனாவால் எழுதிவைப்பது அண்ணனின் வழக்கம். நகலில் அந்த ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது.

இப்போது இடது கிளை அடைப்போடு வரும் எல்லாரையும் எக்கோவுக்கு அனுப்பிவிடுகிறேன். இது எச்சரிக்கை என்கிறார்கள். தாளைப் படிக்கும் பொறுப்பை வேறோர் அறைக்குத் தள்ளிவிடுவதாகவும் எனக்குச் சில நாள் தோன்றுகிறது. அண்ணன் இப்போதெல்லாம் தாளை வைத்துவிட்டு நிற்பதில்லை.