பதனியும் என்.எம்.ஆரும்: சிக்னலைக் கூட்டிய அனுபவம்

வலுவான காந்தத்துக்குள் மாதிரியை வைத்து, அதன் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சிக்னலைக் கொண்டு அதில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் என்.எம்.ஆர். 600 மெகாஹெர்ட்ஸ் காந்தத்துக்குள் அறை வெப்பநிலையில் 1,00,000 ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இருந்தால், மேல் நிலைக்கும் கீழ் நிலைக்கும் உள்ள எண்ணிக்கை வித்தியாசம் ஏறத்தாழ 5 தான். மற்றவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அந்த ஐந்தை நம்பித்தான் என்.எம்.ஆர் ஆட்களின் பிழைப்பு நடக்கிறது.

எங்கள் ஆய்வு பதனி பற்றியது. திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளைப் பக்கம் விடியற்காலையில் இறக்கும் பதனியில் இருக்கும் அமினோ அமிலங்கள் வெயில் ஏற ஏற எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். பனையேறும் அண்ணாச்சி, "குடிக்கத் தந்தா பாட்டிலுக்குள்ள அடைக்கியளே" என்று சிரிப்பார். சிரிக்கட்டும், மரத்தடியிலேயே ஐஸில் வைக்காவிட்டால் புளிப்பது நிற்காது.

பதனியில் இரண்டு தொல்லைகள். ஒன்று சர்க்கரை. பத்து சதவீதத்துக்குக் குறையாமல் சுக்ரோஸ், அதாவது ஏறக்குறைய 300 மில்லிமோலார். அமினோ அமிலங்கள் அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது. கோயில் கொடையில் மைக் செட் அலறும்போது பக்கத்து ஆள் காதுக்குள் பேசுவது போலத்தான். பெரிய சிக்னல் ரிசீவரை நிறைத்துவிடுவதால் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்தே வைக்க வேண்டியிருக்கும். சின்ன பீக்குகள் (சிக்னல் வரைபடத்தில் எழும் கூம்புகள்) கணினிக்காக எண்ணாக மாறும்போதே தொலைந்துபோகும். போதாததற்கு வரைபடத்தின் கிடை அச்சில் 3.4 முதல் 4.3 பி.பி.எம் வரை சர்க்கரையே குடியிருக்கிறது, அமினோ அமிலங்களின் ஆல்பா புரோட்டான்களும் (நடுக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன்கள்) பெரும்பாலும் அங்கேதான் வரும்.

இன்னொன்று சுண்ணாம்பு. கலயத்துக்குள் தடவியது பதனியில் கரைந்திருக்கும். அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் பாஸ்பேட் பஃபர் விட்டதும் கால்சியம் பாஸ்பேட்டாக வெள்ளையாகக் கலங்கும். கலங்கின டியூபில் ஷிம்மிங் (காந்தப்புலத்தைச் சீராக்குவது) சரியாக அமையாது, பீக் அகன்று உயரம் குறையும். சுண்ணாம்பே தடவாத கலயம் வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அது பதனி இல்லை, கள். இங்கே கள்ளுக்குத் தடை இருக்கிறது.

ஸ்கேன் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அதாவது அதே அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சேருங்கள் என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஸ்கேன்களின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஏறும். ஒரு ஸ்கேனுக்கு 7 விநாடி என்று வைத்தால் 64 ஸ்கேனுக்கு ஏழரை நிமிடம். அதைவிட இரண்டு மடங்கு நன்றாக வர 256, அரை மணி நேரம். எட்டு மடங்கு வேண்டுமென்றால் 4096, எட்டு மணி நேரம். மணிக்கணக்கில் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. அது மட்டுமல்ல, ரிசீவர் நிறைவதை ஸ்கேன் தீர்க்காது.

தீர்த்தது ரெசின். பதனியைக் கொஞ்சம் அமிலமாக்கி, நேர் மின்னூட்டம் உள்ளவற்றைப் பிடிக்கும் கேடயான் ரெசின் அடைத்த குழாயில் மெதுவாக விட்டோம். அமினோ அமிலங்கள் ரெசினில் பிடித்துக்கொள்ளும், சர்க்கரை தண்ணீரோடு கீழே போய்விடும். நன்றாகக் கழுவியபின் 2 மோலார் அம்மோனியா விட்டால் அமினோ அமிலங்கள் இறங்கும், கால்சியம் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். ஒரே வேலையில் இரண்டு தொல்லையும் ஒழிந்தது! அம்மோனியாவை முதலில் ரோட்டரி எவாப்பரேட்டரில் (சுழற்றி ஆவியாக்கும் கருவி) போக்கிவிடுங்கள். அப்படியே லயோபிலைசரில் (உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கும் கருவி) வைத்தால் பம்புக்குக் கேடு. நடுவில் கரண்ட் நின்றால் உறைந்தது உருகிப் பொங்கும், எங்கள் பக்கம் அதையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

பொடியான பிறகு ஐஸ் பெட்டி தேவையில்லை. சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்தால் நெல்லை எக்ஸ்பிரஸில் பையிலேயே சென்னைக்குக் கொண்டுபோய்விடலாம்.

அங்கே பொடியைப் பஃபர் கலந்த கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீர்) கரைக்கும்போதுதான் அடுத்த லாபம். 5 மி.மீ டியூபுக்கு 600 மைக்ரோலிட்டர் வேண்டும், 3 மி.மீ டியூபுக்கு 180 போதும். அதே பொடி மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தியாகிறது. 5 மி.மீ புரோபில் (சிக்னலைப் பிடிக்கும் சுருள் உள்ள பாகம்) வைக்கும்போது சுருளுக்கும் டியூபுக்கும் இடையில் இடம் வீணாவதால் லாபம் முழுதாக வராது, ஆனாலும் கண்ணுக்குத் தெரியும். ஒருமுறை கனநீரில் கரைத்து மறுபடி உலர்த்திவிட்டால் 4.7 பி.பி.எம் தண்ணீர் பீக்கும் அடங்கிவிடும்.

கிரையோபுரோப் கிடைத்தால் விடாதீர்கள். சுருளைக் குளிர்ந்த ஹீலியம் வாயுவால் 20 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்து மின்னணு இரைச்சலைக் குறைக்கிறார்கள். நான்கு மடங்கு வரை கூடும், அதாவது எட்டு மணி நேர வேலை அரை மணியில் முடியும். ஆனால் உப்பு மிகுந்த மாதிரி வைத்தால் அந்த லாபத்தில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். பதனியை அப்படியே கொண்டுபோயிருந்தால் விலை உயர்ந்த புரோபின் பயன் எங்களுக்குக் கிடைத்திருக்காது. 3 மி.மீ டியூபில் உப்பின் பாதிப்பும் குறையும்.

2003-இல் ஆர்டென்கேர்-லார்சன் குழு காட்டிய கரைப்பு முறை டி.என்.பி-யில் (உறைநிலையில் எலக்ட்ரான்களின் காந்தத் திசைப்பாட்டை அணுக்கருக்களுக்கு மாற்றி, பிறகு கரைத்து அளக்கும் முறை) சிக்னல் 10,000 மடங்குக்கு மேல் கூடுகிறது. படிக்கும்போது வாய் பிளக்கும். ஆனால் அந்தப் பெருக்கம் கரைசலில் ஒரு நிமிடம் போலத்தான் தாங்கும், கருவி எங்கள் பட்ஜெட்டில் கனவிலும் இல்லை.

இப்போது அமினோ அமிலங்களில் வாலின் 1.0 பி.பி.எம்-க்குப் பக்கத்திலும், அலனின் 1.48-இலும் தனித்தனியாகத் தெளிவாகத் தெரிகின்றன. கரிம அமிலங்கள் சர்க்கரையோடு கழிந்துபோவதால், கழுவிய நீரை எறியாமல் வைத்திருக்கிறோம். அடுத்து அதை, எதிர் மின்னூட்டம் உள்ளவற்றைப் பிடிக்கும் ஆனயான் ரெசினில் விட்டுப் பார்க்க வேண்டும்.